ஞாயிற்றுக்கிழமைக் குழு கலையாமல் இருக்க… அக்கா சொல்லும் 10 டிப்ஸ்

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் மேட்டூர் காவிரிக் கரைக்குப் போய்ப் பாருங்க. அணைக்கட்டு முனியப்பன் கோயில் படித்துறை தொடங்கி காவிரிப் பாலம், மட்டம் வரைக்கும் ஆற்றில் விட்ட பழைய துணி, பாக்குமட்டைத் தட்டு, ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில், உடைந்த வளையல் எல்லாம் கிடக்கும். அதைப் பார்த்து வயிறு எரிந்து, "யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், நாமளே சுத்தம் பண்ணலாம்" என்று கிளம்பும் தம்பி தங்கச்சிகள் ஒவ்வொரு வருஷமும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். அந்த மனசுக்கு முதலில் ஒரு கும்பிடு.

ஆனால் அடுத்து நடப்பதையும் பார்க்கிறோம். வாட்ஸ்அப் குரூப் தொடங்கியதும் ஆட்கள் மளமளவென்று சேர்கிறார்கள். முதல் ஞாயிறு கரை கொள்ளாத கூட்டம். அடுத்த வாரம் பாதி. ஆவணி முடிவதற்குள் குரூப்பில் குட் மார்னிங் படம் மட்டும் வருகிறது, ஆள் வருவதில்லை.

விலகியவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டால், வேலை கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. "குடுத்த காசு எதுக்குச் செலவாச்சுன்னே தெரியலைங்க்கா." "ஒருநாள் வரலைன்னு குரூப்புல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க." "சாக்கு தூக்குனது நாங்க, போட்டோவுல நின்னது அவங்க." இதைத்தான் சொல்கிறார்கள். இவை எல்லாமே நம்பிக்கை உடைந்த இடங்கள்.

சென்னையில் 2015-ல் வெள்ளம் வந்தபோதும், டெல்டாவில் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக நின்று சோறு பொங்கினார்கள், படகு தள்ளினார்கள். ஆபத்து வந்தால் மனிதர்கள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள். ஆபத்து இல்லாத சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், சம்பளமும் இல்லாமல், விடிகாலை எழுந்து வந்து அடுத்தவர் போட்ட குப்பையை அள்ள வேண்டும் என்றால் அதற்கு நல்ல மனசு மட்டும் போதாது. நல்ல ஏற்பாடு வேணும். ஏற்பாடு சரியாக இருந்தால் புதிதாகப் பார்த்தவர்கள்கூட ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்வார்கள். அது இல்லை என்றால் ஒரே தெருவில் வளர்ந்தவர்களும் முகம் திருப்பிக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கீழே இருப்பதெல்லாம் அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதற்கான வழிகள்.

1. ஒரு ஞாயிறுக்குள் முடிகிற வேலையைக் கையில் எடுங்க

"காவிரியைக் காப்போம்" என்பது பேனரில் நன்றாக இருக்கும். அந்த வேலை எந்த ஞாயிறும் முடியாது. முடியாத வேலைக்கு வருகிறவர்கள் எவ்வளவு செய்தாலும் தோற்றுப்போன மாதிரிதான் வீடு திரும்புவார்கள். "காவிரிப் பாலத்துக்குக் கீழே முதல் படித்துறை, காலை 6 மணி முதல் 8.30 வரை, துணியும் பிளாஸ்டிக்கும் மட்டும்" என்று சொல்லுங்க. எட்டரைக்கு அந்தப் படித்துறை சுத்தமாகக் கண் முன்னே இருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி 58 ஏக்கர் ஏரி. 2010-ல் பியூஷ் மனுஷ் ஒருங்கிணைத்த சேலம் மக்கள் குழு, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அதைச் சீரமைக்க இறங்கியது. தூர் வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே சின்னச் சின்னத் தீவுகளாகக் குவித்து, அவற்றின் மேல் மரம் நட்டார்கள். அந்த மரங்களில் பறவைகள் வந்து அடையத் தொடங்கின. ஒரு தீவு எழும்பினால் அது கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியும். செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் வாங்க என்று கெஞ்ச வேண்டியதில்லை.

2. கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீங்க

"இந்த வாரம் சனியா ஞாயிறா?" என்று குரூப்பில் விவாதம் தொடங்கினாலே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் பேரூர் பெரியகுளத்தில் வேலையைத் தொடங்கியது. குளம், வாய்க்கால் என்று இடம் மாறினாலும் ஞாயிற்றுக்கிழமை காலை என்ற வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை அவர்கள் எங்காவது வேலையில் இருப்பார்கள் என்று ஊருக்கே தெரிந்தால், புதிதாக வர நினைப்பவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

நாலு பேர்தான் வந்திருக்கிறார்களா? நாலு பேருக்கான வேலையைச் செய்யுங்க. கூட்டம் சேரவில்லை என்று ரத்து செய்தால், நேரத்துக்கு எழுந்து வந்த அந்த நாலு பேருக்குத்தான் தண்டனை. தொடங்கும் நேரத்தை விட முடிக்கும் நேரம் முக்கியம். எட்டரை என்று சொல்லிவிட்டுப் பத்து மணி வரை இழுத்தால், வீட்டில் சமையலை விட்டுவிட்டு வந்த தங்கச்சி அடுத்த வாரம் வர மாட்டாள். சொன்ன நேரத்துக்கு விடுவதும் வாக்கைக் காப்பாற்றுவதுதான்.

3. "வரலை" என்று கூச்சமில்லாமல் சொல்ல வழி வைங்க

நம்ம ஊர் எப்படிப்பட்டது? அனல் மின் நிலையத்திலும் கம்பெனியிலும் ஷிப்டு வேலை. ஜலகண்டாபுரம் பக்கம் தறி. கொளத்தூர், மேச்சேரி பக்கம் காடு, ஆடு மாடு. நைட் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு ஞாயிறு காலைதான் ராத்திரி. முகூர்த்த நாள் வந்தால் பாதி ஊர் கல்யாண மண்டபத்தில் இருக்கும். இதெல்லாம் தெரிந்திருந்தும் "ஏன் வரலை?" என்று கேட்டால் ஆள் போய்விடும், காரணம்தான் மிஞ்சும்.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் குரூப்பில் ஒரே கேள்வி போடுங்க: நாளைக்கு வர்றேன், வரலை. காரணம் யாரும் எழுத வேண்டாம், யாரும் கேட்கவும் வேண்டாம். "வரலை" என்று போட்டவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க. அவர் உண்மையைச் சொன்னதால்தான் எத்தனை கையுறை, எத்தனை டீ என்று உங்களால் கணக்குப் போட முடிகிறது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவருக்குத் தனியாகப் போன் பண்ணுங்க. முதல் கேள்வி, "வீட்டுல எல்லாரும் சௌரியமாங்க?" என்று இருக்கட்டும். பெரும்பாலும் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். இதே மாதிரி திரும்பத் திரும்ப நடந்தால், "உங்களை நம்பி சாக்கு வைக்கிற இடத்துச் சாவியைக் குடுத்திருந்தோம், வேற ஆள்கிட்ட மாத்திக்கலாமா?" என்று தன்மையாகக் கேளுங்க. பொறுப்பை மாற்றுங்க, ஆளைக் கழற்றிவிடாதீங்க.

4. காசுக் கணக்கை அன்றன்றைக்கே காட்டுங்க

தம்பி, தங்கச்சிகளா, இதை மட்டும் ரெண்டு தரம் படிங்க. தன்னார்வக் குழுக்கள் உடைவதற்குப் பெரிய திருட்டு எதுவும் நடக்கத் தேவையில்லை. ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்கு சொல்லாமல் விட்டாலே போதும். எடுத்தவர் சுத்தமானவராக இருந்தாலும், கணக்கு காட்டாத வரை சந்தேகம் வளர்ந்துகொண்டே போகும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்ம ஆட்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொது ஆண்டு 919, 921-ல் வெட்டிய கல்வெட்டுகளில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள் இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே தனியாக இருந்தது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது என்பது அதில் ஒரு விதி. அந்தச் சபையில் எல்லாச் சாதியினருக்கும் இடம் இருந்ததில்லை, பெண்களுக்கும் இடம் இருந்ததில்லை. அந்தக் குறை நமக்கு வேண்டாம். கணக்கில் அவர்கள் காட்டிய கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பணம் வாங்குவதற்கு ஒருவர், செலவு செய்வதற்கு வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் பார்க்க வேண்டாம். அவர்கள் அண்ணன் தம்பியாகவோ கணவன் மனைவியாகவோ இருக்கவும் வேண்டாம்.

• சொந்த ஜிபே நம்பரில் குழுப் பணத்தைக் கலக்காதீங்க. தனிக் கணக்கு தொடங்கும் வரை, காசாக வாங்காமல் பொருளாகவே வாங்குங்க. ஒருவர் கையுறை வாங்கித் தரட்டும், ஒருவர் சாக்கு தரட்டும், டீக்கடை அண்ணன் டீ தரட்டும்.

• பில்லைப் போட்டோ எடுத்து அன்று மாலைக்குள் குரூப்பில் போடுங்க. பில் இல்லாத செலவுக்கு ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்க.

• மாதக் கடைசியில் மூன்றே வரி: வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. யாரும் கேட்காவிட்டாலும் போடுங்க. கேட்ட பிறகு காட்டும் கணக்கு பதில் சொல்வது மாதிரி ஆகிவிடும். கேட்பதற்கு முன்பே காட்டினால் அது மரியாதை.

• கணக்குக் கேட்பவர் மேல் கோபப்படாதீங்க. "என்னையே சந்தேகப்படுறியா?" என்ற ஒரு வாக்கியம் பல குழுக்களைக் கலைத்திருக்கிறது. அவர் கேட்பது குழுவின் நோட்டைத்தான், உங்கள் நேர்மையை இல்லை.

5. பாரத்தைப் பரப்பி வைங்க

பரிசலில் ஏறும்போது பரிசல்காரர் முதலில் சொல்வது என்ன? "எல்லாரும் ஒரே பக்கம் உக்காராதீங்க." குழுவும் அப்படித்தான். எல்லா வேலையும் சுறுசுறுப்பான ஒருவர் தலையில் விழுந்தால் மற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள். அந்த ஒருவர் களைத்துப்போகும் நாளில் எல்லாமே கவிழும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்கணும். சாக்கும் கையுறையும் ஒருவர். முதலுதவிப் பெட்டி ஒருவர். நகராட்சிக் குப்பை வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது ஒருவர். இது சின்ன வேலையாகத் தெரியும். வண்டி வராவிட்டால் கட்டி வைத்த சாக்கை ராத்திரியே நாய் பிய்த்துவிடும், திங்கட்கிழமை கரை பழையபடி கிடக்கும். இப்படி ஒவ்வொரு பொறுப்புக்கும் துணையாக இன்னொருவரையும் பழக்கி வைங்க.

இன்னொன்றையும் அக்காவாக அழுத்திச் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் வந்தால் டீ ஊற்றவும் வருகைப் பதிவு எழுதவும் மட்டும் அனுப்பாதீங்க. கணக்கு, அனுமதி, கூட்டம் நடத்துவது எல்லாவற்றிலும் அவர்களுக்குச் சம பங்கு வேணும். அவர்கள் தொடர்ந்து வர வேண்டும் என்றால் மூன்று விஷயங்களை முதலிலேயே பார்த்து வைங்க: பக்கத்தில் நல்ல கழிப்பறை எங்கே இருக்கிறது, விடிகாலையில் யாரோடு வந்து யாரோடு திரும்புவது, வீட்டுப் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேச ஒரு மூத்த பெண்ணின் நம்பர். இதைச் செய்துவிட்டால், "பாப்பாவை அனுப்புறோங்க" என்று வீட்டில் இருந்தே சொல்வார்கள்.

6. நாற்காலி சுற்றி வரட்டும்

உத்திரமேரூர் விதிகளில் இன்னும் இரண்டு உண்டு. வாரியப் பொறுப்பு 360 நாட்களுக்குத்தான். முந்தைய மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர் பெயரை, குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஆள் எடுக்கும் குடவோலையில் போட முடியாது. ஒரே ஆள் நாற்காலியில் ஊறிப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

உங்கள் குழுவுக்கு ஒரு வருஷம் நீளம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைப்பாளரை மாற்றுங்க. வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் இரண்டு மூன்று பேர் இருக்கட்டும். பழைய ஒருங்கிணைப்பாளர் அடுத்த சுற்றில் சாக்கு பிடிக்கட்டும். தலைவராக இருந்தவர் சாக்கு பிடிப்பதைப் பார்க்கும் கல்லூரித் தம்பிக்கு வேறு பாடம் எதுவும் தேவையில்லை.

பொறுப்பை மாற்றும்போது நோட்டு, சாவி, போன் நம்பர்கள், பாக்கி வேலை நான்கையும் எழுதிக் கொடுங்க. வாயால் சொல்லிவிட்டுப் போனால் பாதி மறந்துபோகும், அந்தப் பாதிதான் பின்னால் சண்டையாக வரும்.

7. சண்டையை முகத்துக்கு நேரே முடிங்க, போனில் வளர்க்காதீங்க

பத்துப் பேர் சேர்ந்தால் மனத்தாங்கல் வரத்தான் செய்யும். பேசினால் பத்து நிமிஷத்தில் தீர்வது, குரூப்பில் டைப் அடித்தால் பத்து நாள் நீளும். எழுத்தில் குரலின் தன்மை தெரியாது. நம்ம பக்கத்து "ங்க" கூட எழுத்தில் சில நேரம் குத்தலாகப் படும்.

மூன்று விதி போதும். பாராட்டு எல்லோர் முன்னிலையில், குறை தனியாக. கோபத்தில் அடித்த மெசேஜை அன்று அனுப்பாமல், மறுநாள் படித்துப் பார்த்துவிட்டு நேரில் போங்க. இருவருக்குள் தீரவில்லை என்றால், இரண்டு பேருக்கும் வேண்டிய மூன்றாவது ஆள் ஒருவர் கூட உட்காரட்டும். குழுவில் நிதானமான அண்ணனோ அக்காவோ ஒருவர் கட்டாயம் இருப்பார்.

பேசும்போது, "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காதீங்க. "போன ஞாயிறு கையுறை பத்தலை, அடுத்த வாரம் என்ன பண்ணலாம்?" என்று நடந்ததை மட்டும் பேசுங்க. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசுவதைக் குழுவில் பழக்கமாக்காதீங்க. கேட்டுக்கொண்டிருப்பவர், நாளைக்கு நான் வராதபோது என்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள் என்று மனதில் குறித்துக்கொள்வார்.

8. பெயரையும் படத்தையும் பங்கிடுங்க

பத்திரிகையில் செய்தி வரும் நாள்தான் பல குழுக்களுக்குச் சோதனை. எனவே அந்த நாள் வருவதற்கு முன்பே முடிவு பண்ணுங்க. படம் எடுப்பது வேலை முடிந்த பிறகு, கையுறை கழற்றும் முன், எல்லோரும் சேர்ந்து. நிருபர் கேட்டால் பேசுவது ஒவ்வொரு முறையும் வேறு ஆள். குழுவின் பெயர் முன்னால், ஆள் பெயர் பின்னால்.

கட்சிக் கொடி, சாதிச் சங்கப் பேனர், ரசிகர் மன்றச் சட்டை மூன்றும் வேலை இடத்துக்கு வெளியே நிற்கட்டும். எந்தக் கட்சிக்காரரும் வந்து குப்பை அள்ளலாம், சந்தோஷமாக வரவேற்போம். ஆனால் கரையில் எல்லோருக்கும் ஒரே கையுறைதான். இதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்தால் பிற்பாடு யாரிடமும் முகத்தை முறிக்க வேண்டியிருக்காது.

9. கரையில் இருப்பவர்களை முதலில் கேளுங்க

கரைக்கு நாம் ஞாயிறு மட்டும் வருகிறோம். பரிசல்காரர், மீன் வறுவல் கடை அக்கா, கோயில் பூசாரி, துணி துவைக்க வருகிறவர்கள், நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் தினமும் அங்கேயே இருக்கிறார்கள். குப்பை எங்கிருந்து வருகிறது, எந்தப் படியில் வழுக்கும், எந்தப் பள்ளத்தில் கண்ணாடி கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வேலை தொடங்கும் முன் ஒருநாள் போய் உட்கார்ந்து கேளுங்க. "நீங்கதான் அசிங்கம் பண்றீங்க" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திவிடும். "நாங்க ஞாயித்துக்கிழமை வர்றோங்க, உங்களுக்கு என்ன ஒத்தாசை வேணும்?" என்று கேட்டால் மீன் கடை அக்காவே ஒரு குப்பைக் கூடை வைப்பார்.

தூய்மைப் பணியாளர்களிடம் கூடுதல் மரியாதை வேணும். நாம் இரண்டரை மணி நேரம் செய்வதை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்கிறார்கள். நம்மைப் பாராட்டும் மேடையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க.

அனுமதியை வாய்மொழியில் விடாதீங்க. நகராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வைத்திருங்க. அதிகாரி மாறினாலும் தாள் இருக்கும். மூக்கனேரியில் அவ்வளவு பெரிய வேலை நடந்ததும் நிர்வாகத்தின் அனுமதியோடுதான்.

10. எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பணும்

நம்ம ஊரில் இதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. அணை 120 அடியை எட்டினால் 16 கண் மதகு வழியாக உபரி நீர் சீறிக்கொண்டு வரும். 2024 ஜூலைக் கடைசியில் அப்படி வந்ததைப் பார்த்தோம். வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் ஆற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. அன்றைக்குக் கூட்டத்தைத் தெருவில் வைத்து, பிளாஸ்டிக் பிரிப்பது பற்றி வீடு வீடாகப் பேசுங்க. கிழமையும் மாறாது, உயிருக்கும் ஆபத்தில்லை.

தண்ணீரில் இறங்கும் வேலை வேண்டாம், படியோடு நில்லுங்க. ஊறிய துணி கல் கனம் கனக்கும், ஒரு சாக்கை இரண்டு பேர் தூக்குங்க. கண்ணாடிக்குத் தனி சாக்கு. வெறுங்கையால் எதையும் எடுக்காதீங்க. கீறினால் அன்றே டாக்டரைப் பார்த்து டி.டி. ஊசி பற்றிக் கேளுங்க, அந்தச் செலவு குழுவுடையது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேணும். வேலை முடிந்ததும் வந்தவர்களை எண்ணிப் பாருங்க. ஒருவர் குறைந்தாலும் யாரும் கிளம்ப வேண்டாம். இந்த ஒரு பழக்கம் பெற்றோருக்குத் தருகிற தைரியத்தை வேறு எந்தப் பேச்சும் தராது.

புதிதாக வருகிறவர், விலகுகிறவர்

புதிதாக ஒருவர் வந்தால் அன்று முழுக்க அவரோடு ஒரு ஆள் இருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்க. பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால், வந்தவர் தனியாகக் குப்பை அள்ளிவிட்டுத் தனியாகவே போய்விடுவார்.

கல்யாணம், வேலை, படிப்பு என்று விலகுகிறவரைக் கௌரவமாக அனுப்புங்க. "பாதியில் விட்டுட்டுப் போறியே" என்று சொல்லாதீங்க. அவர் கொடுத்த ஞாயிறுகளுக்கு நன்றி சொல்லுங்க. அப்படிப் போனவர்கள் ஓசூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆடிக்கு ஊருக்கு வரும்போது நேராகக் கரைக்கு வருவார்கள்.

முதல் கூட்டத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியவை

• எங்கே, என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை
• பணம் வாங்குபவர், செலவு செய்பவர், கணக்கு போடும் நாள்
• ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பெயர்
• ஒருங்கிணைப்பாளர் மாறும் தேதி
• மனத்தாங்கல் வந்தால் யாரிடம் போவது
• கொடி, பேனர், படம் பற்றிய முடிவு
• அவசர நம்பர்கள், பக்கத்து ஆஸ்பத்திரி

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்க.

குழுவில் அலுப்பு தட்டும்போது, இது யாருக்காக என்பதை ஒருவருக்கொருவர் நினைவுபடுத்துங்க. 1934-ல் கட்டி முடித்த நம்ம அணையின் தண்ணீர் கல்லணை போய், அங்கிருந்து கல்லணைக் கால்வாய் வழியாகத் தஞ்சை மாவட்டத்தின் கடைமடைக்கு, பேராவூரணி வரைக்கும் போகிறது. கஜாவில் தென்னையும் வீடும் இழந்த அந்த ஊர் இளைஞர்களும் விவசாயிகளும், 2019-ல் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, மக்கள் தந்த பணத்தில் 500 ஏக்கருக்கு மேல் பரந்த பேராவூரணி பெரியகுளத்தைத் தூர் வாரத் தொடங்கினார்கள். இங்கிருந்து போகும் தண்ணீரைத் தேக்கி வைக்க அவர்கள் அங்கே சேர்ந்து நிற்கிறார்கள். அந்தத் தண்ணீர் புறப்படும் ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. நாம் படித்துறையில் எடுக்கும் ஒவ்வொரு பாலித்தீன் கவரும் கீழே உள்ள யாருடைய வாய்க்காலையோ அடைக்காமல் போகிறது.

இந்த வாரமே தொடங்குங்க. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படித்துறையைத் தேர்ந்தெடுங்க. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஒரு கேள்வியைப் போடுங்க. ஞாயிறு எட்டரைக்கு முடித்து, மாலைக்குள் கணக்கைக் காட்டுங்க. இதையே மூன்று மாதம் மாறாமல் செய்தால், நம்பிக்கையைப் பற்றி யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதைச் செய்கிறவர்கள் என்று கரையில் இருப்பவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.